நரி எங்கே என்று கேட்ட அண்ணனுக்கு

மதிப்பிற்குரிய அண்ணன் இஷெனாலி அவர்களுக்கு, ஏரியின் தென்கரையிலிருந்து தம்பி ஓமுர்சாக் தலைதாழ்த்தி எழுதுவது. உங்கள் முழங்கால்களும் குதிரைகளும் சுகமா? ஆடுகள் இந்தக் குளிரைத் தாங்குகின்றனவா? அண்ணிக்குப் பல்வலி இறங்கியதா? இங்கே நான், என் வீட்டுக்காரி புருல்சா, ஏழு ஆடு, ஒரு பசு, ஒரு குதிரை, நாய், கழுகு எல்லோரும் சுகம். கழுகும் சுகம் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். அந்த வார்த்தையைப் படித்ததும் உங்கள் முகம் போகிற போக்கு இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது.

தலைதாழ்த்தி எழுதுவது என்று மேலே போட்டது நீங்கள் மூத்தவர் என்பதற்காக. இதற்குக் கீழே எந்த வரியிலும் தலை தாழாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நேற்று போனில், "நரி எங்கேடா?" என்று கேட்டீர்கள். "குடுத்துட்டேன்" என்றேன். "யாருக்கு?" என்றீர்கள். "ஜுமாதிலுக்கு" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் போன் சூடாகிவிட்டது. பக்கத்தில் அண்ணி சிரித்ததும் கேட்டது, பல்வலிக்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிரித்து முடித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம லாரி எடுத்துட்டு வரேன். பட்சியையும் நாயையும் கட்டி வை. ஜுமாதில் வீட்ல எறக்கிட்டுப் போறேன்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் பதினோரு தரம் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதனால்தான் மினிபஸ் ஓட்டுநர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதுதான் இதில் இருக்கிற நல்ல விஷயம்.

பதில் ஒன்றுதான். தர மாட்டேன். லாரியோடு வந்தால் வாசல் கதவில் பெரிய பூட்டு தொங்கும், கதவுக்குப் பின்னால் நான் நிற்பேன், எனக்குப் பின்னால் என் கழுகு கராகஷ் நிற்கும். இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் ஊர் வாய் வழியாக உங்களுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் பாதிக் கதை, அதனால் முழுசையும் எழுதிவிடுகிறேன்.

முப்பத்தொரு வருஷம் மூன்று ஊருக்கு மின்சார மீட்டர் பார்த்தவன் நான். ஒரு வீட்டிலாவது என்னைப் பார்த்து முகம் மலர்ந்ததாக எனக்கு நினைவில்லை. கதவைத் திறப்பார்கள், "ஓ, நீயா" என்பார்கள், மீட்டர் இருக்கும் மூலையைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நாய்கள் மட்டும்தான் என்னை ஆசையாக எதிர்பார்த்துக் காத்திருந்தவை. என் இடது காலில் பதினான்கு கடித்தழும்பு இருக்கிறது, எது எந்த வீட்டு நாய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஓய்வு கொடுத்த அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். எதற்கு என்று தெரியவில்லை, எங்கேயும் நேரத்துக்குப் போக வேண்டாம் என்று ஆன பிறகு. இரண்டு மாதம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மேற்குப் பள்ளத்தாக்கில் ஒரு வேட்டைக்காரன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகிறான், அவனுடைய இரண்டு வயதுப் பெண் கழுகைக் கொடுக்க ஆள் தேடுகிறான் என்று கேள்விப்பட்டேன். மீட்டர் பார்க்கப் போன என் மோட்டார் சைக்கிளைக் கொடுத்தேன், கழுகைக் கையில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பஸ்ஸில் எனக்கு முழு ஸீட்டும் காலியாகக் கிடைத்தது. வாழ்நாளில் முதல் தடவை.

புருல்சா வாசலில் நின்று பார்த்தாள். "வண்டி எங்க?" என்றாள். "இதுதான்" என்றேன். "இதுல ஏறி மாவு மில்லுக்குப் போவீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் அப்போது சொன்னதும் அதற்குப் பிறகு ஒரு வாரம் சொன்னதும் இந்தக் காகிதத்தில் அடங்காது.

நான் ஒன்றும் தெரியாமல் இறங்கவில்லை, அண்ணா. அந்த வேட்டைக்காரன் சொன்னதையெல்லாம் பழைய மீட்டர் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். பட்சி ஆட்களுக்குப் பழக வேண்டும், அதனால் போகிற இடமெல்லாம் கையில் வைத்துக்கொண்டு போ என்றான். போனேன். சந்தைக்கு, கல்யாணத்துக்கு, முடிவெட்டுகிற கடைக்கு, பென்ஷன் வாங்கப் போன இடத்துக்கு. ஆறு கிலோ பட்சியை மூன்று மணி நேரம் வலது கையில் தாங்கி நின்ற பிறகு கையெழுத்துப் போட்டால் அது யாருடைய கையெழுத்து மாதிரியும் இருக்காது. அங்கே உட்கார்ந்திருந்த பெண் காகிதத்தையும் என்னையும் கழுகையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது உங்க கையெழுத்து இல்லையே, ஐயா" என்றாள். "அதோட கையெழுத்து வேணுமா?" என்று கேட்டேன். பென்ஷன் அடுத்த நாள்தான் வந்தது, ஆனால் அன்று அந்த வரிசையில் யாரும் என்னை முந்தவில்லை.

கரண்டு போன சம்பவத்துக்கு வருகிறேன், அதைத்தானே நீங்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறீர்கள். வேட்டைக்குப் பழக்குகிற பட்சிக்கு இறைச்சியை ரத்தம் போகத் தண்ணீரில் அலசி, வெளுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும், பசி இருந்தால்தான் கைக்குத் திரும்பி வரும். இது எனக்குத் தெரியும், நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். ஆனால் அது அந்த வெள்ளை இறைச்சியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு மனசு கேட்கவில்லை. புருல்சா அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு முழு ஆட்டு ஈரலை அலசாமல் கொடுத்துவிட்டேன். சாப்பிட்டது, இறக்கையை உதறியது, வீட்டு எதிரில் இருந்த மின்கம்பத்தின் மேல் போய் உட்கார்ந்தது, இறங்கவில்லை. இறக்கை விரித்தால் இரண்டு கம்பியிலும் படும், பட்டால் கருகிவிடும் என்று இந்த ஊரில் என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? பழைய ஆட்களுக்குப் போன் போட்டுக் கெஞ்சி லைனை நிறுத்தச் சொன்னேன். மத்தியானத்திலிருந்து மறுநாள் காலை வரை ஊரில் டிவி இல்லை, மாவு மில் இல்லை. புருல்சா தெருவில் நின்று, "முப்பத்தொரு வருஷம் ஊருக்குக் கரண்டு கணக்கு எழுதுன மனுஷன், கடேசில ஊரு கரண்டையே நிறுத்திட்டாரு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். ஜுமாதிலும் அங்கே வந்தான். நம் தாய்மாமன் மகன், இருபது வருஷமாகக் கழுகு வளர்க்கிறவன், அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மச்சான், நீ கழுக வளக்குறியா, கழுகு உன்ன வளக்குதா?" என்றான். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். பட்சி உயிரோடு இருக்கிறது.

பிறகு நாய். நம் மலை வேட்டைநாயில் நல்ல வம்சம், உச்சார் என்று பெயர், ஓடினால் கால் தரையில் படுவது தெரியாது. நாயும் கழுகும் ஒன்றையொன்று எதிரியாக நினைக்கக் கூடாது என்பதற்காக முதல் மாதம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில், நான்கு அடி தள்ளி, எதிரெதிரே சாப்பாடு வைக்க வேண்டும். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். கழுகு நாயைப் பார்த்துச் சீறும், நாய் என் மடியில் ஏறிக்கொள்ளும், கழுகு அதற்காக என்னையும் சேர்த்துச் சீறும். ஆனால் அண்ணா, ஒரு நாய் பயந்து என்னிடம் ஓடி வந்தது. முப்பத்தொரு வருஷமாக என்னைத் துரத்தின ஜாதி. அன்றைக்கு நான் அதன் காதைத் தடவிக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இனி உங்கள் சம்பந்தி விஷயம். இதில் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். உங்கள் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பட்சியைக் கொண்டு வா, பெருமையாக இருக்கும் என்று சொன்னது யார்? நீங்கள். நரித்தோல் தொப்பி போட்டுக்கொண்டு வந்தது யார்? அவர். மூன்று மாதமாக நரித்தோலைக் கயிற்றில் கட்டிக் குதிரைக்குப் பின்னால் இழுத்து, ஓடினால் பிடி, ஓடினால் பிடி என்று அந்தப் பட்சிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கழுகு அவரைப் பார்த்தது, அவர் கழுகைப் பார்த்தார், ஓடினார். அது தன் பாடத்தை ஒழுங்காகச் செய்தது. தொப்பியை மட்டும் எடுத்தது, தலையில் ஒரு கீறல் கிடையாது. இவ்வளவு சுத்தமான பிடியை ஜுமாதிலின் கழுகு ஒரு நாளும் பிடித்ததில்லை. ஆனால் நீங்கள் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "நாப்பது நாள் தரேன். ஒரே ஒரு நரி புடிச்சுக் காட்டு. இல்லாட்டி பட்சியும் நாயும் ஜுமாதில் கைக்குப் போகும். நம்ம குடும்பத்துல ஒருத்தன் கேலிப்பொருளா அலையறத நான் பாத்துட்டு இருக்க மாட்டேன்" என்றீர்கள். குடும்பத்தில் மூத்தவர் வாய்விட்டுச் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை என்று தெரிந்தேதான் சொன்னீர்கள்.

முப்பத்தெட்டு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் நரி என்று நினைத்து ஒரு பழுப்பு நிற உரச்சாக்கைப் பிடித்தது, நாயும் போய் அதற்கு உதவி செய்தது. இன்னொரு நாள் பனிமூட்டம், கழுகை விட்டுவிட்டு நான்தான் தொலைந்துபோனேன். குதிரை வீடு சேர்ந்துவிட்டது, கழுகும் கூரைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது, நான் மட்டும் இருட்டுகிற நேரத்துக்கு நடந்து வந்தேன். முப்பத்தொன்பதாவது நாள், செவ்வாய்க்கிழமை, செம்மண் ஓடைக்கு மேலே முகட்டில் நின்றேன். மேலே ஒருவன் பட்சியோடு நிற்க, கீழே ஒருவன் புதருக்குள் குதிரையை விட்டுச் சத்தம் போட்டு விரட்ட வேண்டும், இதற்கு இரண்டு ஆள் தேவை என்பார்கள். எனக்கு யாரும் தேவைப்படவில்லை. நானே மேலே, நானே கீழே. நாயை அவிழ்த்துவிட்டேன், அது ஓடைக்குள் இறங்கி ஒரு சுற்று வந்தது, நரி கிளம்பியது. கராகஷின் கண்மூடியைக் கழற்றினேன். அது கிளம்பிய வேகத்தில் என் தோள் பின்னால் போய்த் திரும்பியது. ஒரே இறக்கம். முடிந்தது. நான் அமைதியாகக் குதிரையிலிருந்து இறங்கினேன், பட்சிக்கு நரியின் இதயத்தைக் கொடுத்தேன், நாய்க்கு ஒரு காலைக் கொடுத்தேன், மிச்சத்தைச் சேணத்தில் கட்டினேன். எந்தப் பதற்றமும் இல்லை. இதையெல்லாம் பார்க்க ஒரு ஈ காக்கை கூட இல்லையே என்பதுதான் அன்றைக்கு என் ஒரே வருத்தம்.

திரும்பும் வழியில், பாலத்துக்கு இந்தப்பக்கம் ஜுமாதில் வந்தான். என் சேணத்தைப் பார்த்தான். "ஷிரால்கா, மச்சான்!" என்றான்.

நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள். வேட்டையிலிருந்து வருகிறவனை வழியில் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால் பிடித்ததைக் கொடுத்தே ஆக வேண்டும், கேட்டவன் எதிரியாக இருந்தாலும் சரி. மறுத்தவன் கைக்கு அதற்குப் பிறகு எதுவும் சிக்காது என்று இந்த மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவிழ்த்துக் கொடுத்தேன். அவன் அதைத் தன் சேணத்தில் கட்டிக்கொண்டு ஊருக்குள் போனான். ஊர் அவனைப் பார்த்தது, நரியைப் பார்த்தது, "ஜுமாதில் நரி புடிச்சுட்டான்" என்றது. அவனும் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை, கேட்டவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். பின்னாலேயே நான் காலிச் சேணத்தோடு வந்தேன். கடைவாசலில் உட்கார்ந்திருந்தவன் ஒருவன், "என்ன மாமா, இன்னிக்கும் சாக்குதானா?" என்று கேட்டான்.

இதுதான் உங்கள் நியாயமா? நரியைப் பிடித்தவன் பட்சியை இழக்க வேண்டும், வழியில் வந்து வாங்கிக்கொண்டவன் நரியும் பெற்று, பட்சியும் பெற்று, நாயும் பெற்றுக்கொள்ள வேண்டும்! நம் வழக்கத்தைக் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைக்கிற கூலியா இது? நான் வழக்கத்தை மீறி, "போடா, தர முடியாது" என்று சொல்லியிருந்தால் இன்று நீங்களே சாட்சி சொல்லி என்னைக் குடும்பத்தின் பெருமை என்றிருப்பீர்கள். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். நீங்கள் கேட்டது ஒரு நரி. பிடித்தாகிவிட்டது. பிறகு அது எங்கே போனது என்பது உங்கள் கணக்கில் வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நேரில் என்றால் சொல்ல வாய் வராது. அந்தப் பட்சியைக் கையில் ஏந்தி நடந்தால் ஜனங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்து பார்க்கிறார்கள். சிரிக்கத்தான் வருகிறார்கள், இருக்கட்டும், வெளியே வருகிறார்கள். அறுபது வயதில் எனக்கு முதல் தடவையாக மறுநாள் எப்போது விடியும் என்று இருக்கிறது. கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். பட்சியையும் நாயையும் தர மாட்டேன். உங்களுக்கு இந்தத் தம்பி மேல் கொஞ்சமாவது பாசம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வராதீர்கள். நீங்கள் இல்லாமலே என்னால் எல்லாம் செய்துகொள்ள முடியும், செய்தும் காட்டிவிட்டேன்.

உங்கள் மந்தை பெருகட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும், முழங்கால்கள் மடங்கட்டும். அண்ணிக்கு என் வணக்கம். பல் போனாலும் சிரிப்பு போகாது என்று சொல்லுங்கள். சம்பந்தியிடம் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

வளையாத தம்பி,
ஓமுர்சாக்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டேன், மினிபஸ் இன்னும் வரவில்லை. இதற்குள் புருல்சா உச்சாரின் காதுக் கட்டைப் பிரித்து மருந்து போட்டாள். நான் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டேன். அது வலியில் என் விரலைக் கவ்வியது, கடிக்கவில்லை. மேலே எழுதியதில் சிலவற்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

எல்லோரும் சுகம் என்று எழுதியது பொய். பதற்றம் இல்லை என்று எழுதியதும் பொய். கராகஷ் நரியைப் பிடித்தது நிஜம். நான் இறங்கும் முன்னால் நாய் போய் நரியின் மறுமுனையைக் கவ்விவிட்டது. பட்சி ஒரு காலை நரியிலிருந்து எடுத்து நாயின் தலையில் போட்டது. நான் அவசரத்தில் இறங்கும்போது சேணத்தின் மிதிவளையத்தில் கால் மாட்டித் தலைகீழாக விழுந்தேன். எழுந்து பட்சியைப் பிடித்தால் நாய் விடவில்லை, நாயைப் பிடித்தால் பட்சி விடவில்லை. இரண்டு கை போதவில்லை, அண்ணா. என் கண் முன்னால் இரண்டில் ஒன்று சாகப்போகிறது என்று நினைத்தேன். வாய்விட்டு அழுதேன், எழுதுவதில் என்ன வெட்கம். அப்போது பாலத்துப் பக்கமிருந்து ஜுமாதில் குதிரையை அடித்துக்கொண்டு வந்தான். தன் கோட்டைக் கழற்றிப் பட்சியின் மேல் போட்டான், நகத்தை ஒவ்வொன்றாக விரித்து எடுத்தான், "நாயோட தாடையைப் புடி மச்சான், அழுவுறத அப்புறம் வச்சுக்க" என்றான். பிரித்து முடித்து, நாயின் காதைத் தன் கைக்குட்டையால் கட்டி, நரியை என் சேணத்தில் அவன்தான் கட்டினான்.

ஷிரால்கா என்று அவன் கேட்கவில்லை. நான்தான், "கேளுடா, ஷிரால்கா கேளு, கேட்டாத்தான் குடுக்க முடியும்" என்று பாலம் வரைக்கும் அவன் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன். அவன் காப்பாற்றிக் கொடுத்ததை நானே பிடித்தேன் என்று அந்த நரியோடு ஊருக்குள் நுழைய எனக்கு மனசு வரவில்லை. அவன் அலுத்துப்போய்க் கடைசியில் கேட்டான். நடந்ததை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, அதனால்தான் கேட்டவர்களிடம் வெறுமனே சிரித்திருக்கிறான். போகும்போது ஒன்று மட்டும் சொன்னான்: "ஒத்த ஆளாப் போகாத மச்சான். நாய இழுத்துப் புடிக்க ஒருத்தர் வேணும். அண்ணனக் கூப்புடு."

ஞாயிற்றுக்கிழமை லாரி வேண்டாம். சனிக்கிழமையே வாருங்கள், குதிரையில் வாருங்கள். ஒரு நாள் என்னோடு செம்மண் ஓடைக்கு வந்து பாருங்கள். அதற்குப் பிறகும் இதெல்லாம் ஜுமாதிலிடம் இருப்பதுதான் நல்லது என்று உங்களுக்குத் தோன்றினால், நானே இரண்டையும் கொண்டுபோய் அவன் வீட்டில் விடுகிறேன். மறுபேச்சு பேச மாட்டேன். வராமல் மட்டும் இருக்காதீர்கள். கீழே இறங்கிச் சத்தம் போட்டு நரியை விரட்ட ஓர் ஆள் வேண்டும், எனக்குத் தெரிந்து உங்கள் அளவுக்குக் கத்துகிறவர் இந்த மலையில் வேறு யாரும் இல்லை.